நான் திருப்பாத இரண்டாம் பக்கம்

என் அன்புக் குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா சுகம், அண்ணன் சுகம், மாடியில் அத்தையும் சுகம், என் கௌரவம் மட்டும் கொஞ்ச நாளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று அம்மா மூலமாகத் தெரிந்துகொள்கிறேன். அம்மா மூலமாக என்று ஏன் எழுதுகிறேன் என்றால் நீ என் போனை எடுத்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாய், நான் சமையலறை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினால் போதும், சரிம்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய். என் செருமல் கடல் தாண்டிக் கேட்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. உன்மேல் வருத்தம் இல்லை, நான் பேசிய பேச்சுக்கு நீ போனை எடுக்காததோடு விட்டாயே என்று சந்தோஷப்பட வேண்டியவன் நான். அம்மாவுடைய முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் பிடித்துக்கொள்கிறது, அதனால் அத்தை கீழே வந்து பேசுகிறாள், ஒரு மணி நேரம் குறையாமல் பேசுகிறாள். அண்ணனுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலையில் இந்த மாதம் ஆஸ்பத்திரிப் பக்கம் போட்டிருக்கிறார்கள், எட்டு லிப்டில் மூன்று ஓடுகிறதாம், மீதி ஐந்துக்கும் இவனைத்தான் திட்டுகிறார்களாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை பதினோராவது சட்ட நிறுவனமும் விடுமுறைப் பயிற்சிக்கு இடமில்லை என்று எழுதிவிட்டது என்று நீ சொன்னாய். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஒரு தகப்பன் அந்த இடத்தில் என்ன பேச வேண்டுமோ அதைப் பேசாமல், பஸ் கம்பெனி ஆள்சேர்ப்புப் பிரிவின் மேலாளராக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “கடிதத்துல ஒரு குறையும் இல்ல, நானே பார்த்தேன். அப்போ ஆள்கிட்டதான் ஏதோ குறை இருக்கணும்” என்றேன். சொன்ன கையோடு, முப்பத்தோரு வருஷம் இந்த வேலையே பார்த்தவன், எனக்குத் தெரியாதா என்று வேறு கேட்டேன். இடமில்லை என்று ஒரு கடிதம் வந்தால் குடியா முழுகிவிடும், துடைத்துப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார் என்று புத்திமதியும் சொன்னேன். அதற்குப் பிறகு அம்மாவிடம்தான் சொல்லியிருக்கிறாய், பன்னிரண்டாவதுக்கு எழுதப் போவதில்லை, இந்த வருஷத்தோடு சட்டப் படிப்பையே விட்டுவிடலாம் என்று யோசிக்கிறேன், அப்பாவிடம் சொல்லாதே என்று. அம்மா எவ்வளவு நாள் அடக்கி வைப்பாள், நாலு நாள் வைத்திருந்தாள், அவளுக்கு அதுவே பெரிய விஷயம். அது நான் பேசிய பேச்சால்தான் என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஆனால் உன் அப்பாவுக்குத் தப்பை ஒத்துக்கொள்வதைவிட நிரூபித்துக் காட்டுவது சுலபம். ஒரு மறுப்புக் கடிதம் என்பது எவ்வளவு அற்பமான விஷயம் என்று நானே வாங்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

நம் தெருக்கோடி நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை வாங்கி வைக்கும் மேசைக்கு ஆள் தேவை, வாரத்தில் மூன்று மத்தியானம் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். விண்ணப்பம் எழுதினேன். ஆறு பக்கம். சத்தியமாக மறுப்பு வாங்கத்தான் எழுத ஆரம்பித்தேன், மூன்றாம் பக்கம் வரும்போதே எனக்கு அந்த வேலை வேண்டும் என்று ஆகிவிட்டது. ஐந்தாம் பக்கத்தில் இந்த மனுஷனை விட்டால் அவர்களுக்கு வேறு யார் கிடைப்பார்கள் என்று எனக்கே தோன்றியது. அனுப்பிய மறுநாள் அண்ணனுடைய நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். எந்தெந்த மத்தியானம் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று அத்தைக்குச் சொன்னேன், அம்மாவுடைய பல் டாக்டரை வேறு நாளுக்கு மாற்றச் சொன்னேன். பதினோரு நாள் கழித்துக் கடிதம் வந்தது, தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், இம்முறை வாய்ப்பளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம், தங்கள் விவரங்களைப் பாதுகாத்து வைத்திருப்போம் என்று. குட்டி, இந்த வாக்கியங்களை நான் முப்பத்தோரு வருஷம் எழுதியிருக்கிறேன். பாதுகாத்து வைப்பது என்றால் எந்த அலமாரி, அதன் சாவி தொலைந்து எத்தனை வருஷம் என்பதுகூட எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் அந்தக் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இம்முறை என்றால் அடுத்த முறை உண்டு என்றுதானே அர்த்தம் என்று அம்மாவிடம் கேட்டேன்.

மூன்று நாள் நான் நூலகத் தெருவில் போகவில்லை. ரொட்டி வாங்கப் பெட்ரோல் பங்க் வழியாகச் சுற்றிப் போனேன், இருபது நிமிஷம் அதிகம். சாப்பாடு இறங்கவில்லை. செய்தியில் யாராவது நூலகம் என்று சொன்னால் எழுந்து போய்விட்டேன். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் இதையே அனுப்பினீங்க. உங்களுக்கு ஒண்ணு வந்ததும் தாங்கலையா? அவ பதினொண்ணு வாங்கியிருக்கா” என்றாள். நான் ஒன்றுக்கே மூன்று நாள் தெருவைச் சுற்றிப் போனேன் என்றால் உனக்குக் கணக்குப்படி ஒரு மாதம் சுற்றப் பாக்கியிருக்கிறது, நீ அதற்குள் பரீட்சையும் எழுதியிருக்கிறாய். நீ என் மகள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நாலாம் நாள், கெடு முடியாத ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நூலகத்துக்குப் போய் அங்கே மேலாளராக இருக்கும் பெண்மணியிடம் ஏன் என்றே கேட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்கு உன் வயசைவிடப் பத்து வயசு கூட இருக்கலாம். முகத்தில் அடிக்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. அறுபத்திரண்டு பேர் எழுதியிருந்தார்கள், எல்லோருடைய முதல் பக்கத்தைத்தான் படிக்க முடிந்தது என்றார். என் முதல் பக்கத்தில் நான் இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கவில்லையாம். சிரிக்காமல்தான் சொன்னார், அதற்கே அவருக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர்மேல் கோபம் வரவில்லை, ஏனென்றால் இதே வேலையைத்தான் நானும் பார்த்தேன். இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. என் மேசையில் மூன்று தட்டு இருக்கும், எடு, விடு, பார்க்கலாம் என்று. ஒரு டிரைவர் வேலைக்கு முந்நூறு விண்ணப்பம் வரும். நான் முதல் பக்கம் பார்ப்பேன், தட்டில் போடுவேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதே இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் முதல் பக்கத்தையும் பாதிதான் பார்த்தேன். கவனமாகப் பரிசீலித்தோம் என்று கையெழுத்து மட்டும் அழகாகப் போட்டேன். எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளை அப்படித் தட்டில் போட்டேனோ, அவர்கள் எந்தெந்தத் தெருவைச் சுற்றிப் போனார்களோ.

அப்படி யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ முதல் நிறுவனத்துக்கு நீயாகவே எழுதி அனுப்பிவிட்டு, இரண்டாவதுக்கு அனுப்பும் முன்னால் கடிதத்தை எனக்கு அனுப்பினாய் அல்லவா, அப்பா ஒரு தடவை முழுசாகப் படித்துச் சொல்லுங்கள் என்று. அண்ணன் அதைத் தாளில் எடுத்துக் கொடுத்தான், இரண்டு தாள், மூலையில் பின் போட்டு. நான் கால் மணி நேரத்தில் உனக்குப் பதில் போட்டேன், அருமை, ஒரு எழுத்தை மாற்றாதே, அப்படியே எல்லோருக்கும் அனுப்பு என்று. இப்போது எழுதக் கை கூசுகிறது, குட்டி. நான் முதல் பக்கம்தான் படித்தேன். படித்ததும் பெருமை தாங்காமல் மாடிக்குப் போய் அத்தையிடம் காட்டினேன், அவளும் முதல் பக்கம்தான் பார்த்தாள், நம் பரம்பரையே அப்படித்தான் போலிருக்கிறது. அந்தக் கால் மணியில் பதினாலு நிமிஷம் அத்தையோடு பேசியதற்கு, ஒரு நிமிஷம் படித்ததற்கு.

அந்தத் தாளைத் தேடினேன். மேசை இழுப்பறையில் பின் போட்ட மூலை மடங்காமல் அப்படியே இருந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து முதல் முறையாக இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாவது பத்தியில், இத்தனை காரணங்களால் உங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெறுவதே என் நெடுநாள் விருப்பம் என்று சொல்கிற இடத்தில், உங்கள் நிறுவனம் என்று வராமல் முதல் நிறுவனத்தின் பெயர் முழுசாக நிற்கிறது. மேலே பெயரை மாற்றியிருக்கிறாய், உள்ளே மாற்ற விட்டுப்போயிருக்கிறது. அண்ணனை உட்கார வைத்து, நீ அம்மாவுக்கு அனுப்பி வைத்திருந்த மற்றக் கடிதங்களையும் திறக்கச் சொன்னேன். பத்து நிறுவனத்துக்கும் நீ அதே பெயரைச் சொல்லியிருக்கிறாய். ஒருத்தர் வீட்டு விருந்தில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுச் சமையலைப் புகழ்ந்த மாதிரி. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீயே கவனித்திருக்கலாமே என்று ஒரு வரி எழுத என் பேனா துடித்தது, அடக்கிவிட்டேன், பார் நான் எவ்வளவு திருந்திவிட்டேன். நாமே எழுதியது நம் கண்ணில் படாது என்றுதானே நீ என்னைக் கேட்டாய். பத்துக்கும் இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, அங்கேயும் என்னைப் போல முதல் பக்க ஆசாமிகள் இருந்திருப்பார்கள். சரியான பெயர் போன முதல் நிறுவனம் ஏன் மறுத்தது என்பதற்கும் என்னிடம் விளக்கம் இல்லை. ஆனால் குறை உன்னிடம் என்று சொன்னேனே, அது படிக்காத கடிதத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு. அதற்கு அப்பாவை மன்னித்துவிடு. அம்மா போனிலேயே சொல்லிவிடுகிறேன் என்றாள், வேண்டாம், என் தப்பை நானே எழுதுகிறேன் என்றேன்.

இன்னொன்றும் அந்தப் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பத்தி. கடைசி வரி வரை படிக்காமல் எந்தத் தாளையும் கீழே வைக்காதவர் என் அப்பா, அவரிடம் பார்த்துக் கற்ற பழக்கம்தான் என்னைச் சட்டம் படிக்க வைத்தது என்று எழுதியிருக்கிறாய். இதைப் பதினோரு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறாய். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். சின்ன வயசில் நான் ஆபீஸ் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்து வைத்திருப்பேன், நீ பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பாய். அப்பா எல்லாத்தையும் படிப்பீங்களா என்று கேட்டாய், ஆமாம் என்றேன். நீ நம்பிவிட்டாய்.

பன்னிரண்டாவது இடத்துக்குக் கெடு இருபதாம் தேதி என்று அம்மா சொன்னாள், வாடகைக்காரர்கள் வழக்கு எடுக்கும் சின்ன நிறுவனம், நாலு வக்கீல்தான் என்றும் சொன்னாள். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்தக் கடிதத்தையும் பென்சில் போட்ட உன் இரண்டு தாளையும் அண்ணன் இன்றே போட்டோ எடுத்து அனுப்புகிறான், தாள் பின்னால் தபாலில் வரும். நாலு தடவை படித்தேன், பெயர் மட்டும்தான் தப்பு, மற்றபடி நன்றாக இருக்கிறது, இந்த முறை அது பொய் இல்லை. அனுப்புவதும் விடுவதும் உன் இஷ்டம். எழுதினால் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். படிப்பை விடுவதாக இருந்தாலும் உனக்குப் பிடிக்கவில்லை என்று விடு, உன்னிடம் குறை என்று நான் சொன்னேன் என்பதற்காக விடாதே, அதை என்னால் தாங்க முடியாது. மறுபடியும் இடமில்லை என்று வந்தால் எனக்குப் போன் பண்ணு. அடுத்ததைப் பார் என்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் நீ அங்கே சுற்று வழியில் போ, நான் இங்கே பெட்ரோல் பங்க் வழியாகப் போகிறேன், பேசிக்கொண்டே நடப்போம். அந்தக் கடைசிப் பத்தியை எடுப்பதா வைப்பதா என்று யோசித்தேன். பொய்த் தகவலைச் சட்ட நிறுவனத்துக்கே அனுப்புவது சரியில்லை. ஆனால் வைத்துவிடு என்றுதான் கேட்பேன், தாமதமானாலும் உண்மையாக்கப் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ என்று அம்மா எழுதச் சொன்னாள். எந்த மேசைக்கு எதிரே போய் நின்றாலும் அங்கே உன்னை முழுசாகப் படிக்கிற ஒருத்தர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அனுப்பும் முன்னால் மூன்றாவது பத்தியை ஒரு தடவை பார். எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

உன் இரண்டாம் பக்கத்தையும் படித்துவிட்ட,
அப்பா