மேனேஜரின் இடமாற்றம்

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே நாங்கள் நலம். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானமாகப் படியுங்கள். மேனேஜர் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்று சட்டென்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் முழுவதையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

அன்றைக்கு வேன் கிளம்புவதற்கு முன்பே நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். மூடி போட்ட பெரிய டப்பாவில், பழைய தொட்டித் தண்ணீரிலேயே மீனை விட்டு, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரைப் போட்டுக் கொண்டுவந்தோம். நான் பின்னால் டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இவர் ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை நிறுத்தி, கும்பிடு போடாத குறையாக ஏறி இறங்கினார். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார்கள்.

வழியில்தான் இவர், மீனுக்கு ஏன் மேனேஜர் என்று பேர் என்று கேட்டார். உங்கள் மகன் ஆபீஸில் அவருடைய மேனேஜர் இப்படித்தான் கீழுதட்டைத் தூக்கிக்கொண்டு முறைப்பார் என்று சொன்னேன். இவர் திரும்பி டப்பாவைப் பார்த்துவிட்டு, "லீவு கேட்டா தர மாட்டார் போலிருக்கே" என்றார். உங்கள் மகன் தவறிப்போன பிறகு அவரைப் பற்றிப் பேசிச் சிரித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

தொட்டி கூடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் கசிந்துகொண்டிருந்ததைவிட இரண்டு மடங்கு பெரியது. இவர் லிப்ட் மெக்கானிக் இல்லையா, ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஸ்டாண்டையே நிறுத்தினார். புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டப்பாவில் ஊற்றிப் பழக்கி, அதன் பிறகே மீனைத் தொட்டிக்கு மாற்றினோம். விளக்கை அணைத்து, மிரளாமல் இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டோம். மேனேஜர் நேராக அடியில் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டார். ஆரஞ்சு நிறமெல்லாம் சாம்பல் பூத்துப்போயிற்று. இடம் மாறினால் பெரிய மீன்கள் இப்படிக் கோபித்துக்கொள்ளும் என்று உங்கள் மகன் சொல்லியிருக்கிறார், அதனால் நான் பயப்படவில்லை.

ஆனால் நாள் போகப் போகத் தண்ணீர் பால் கலந்த மாதிரி கலங்கியது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தது. பில்டரைத் திறந்து பார்த்தால், அங்கிருந்து கொண்டுவந்த பழைய ஸ்பாஞ்ச் புதுசு மாதிரி பளிச்சென்று இருக்கிறது. நான் வேலைக்குப் போயிருந்தபோது இவர் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறார். தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற கிருமிகள் எல்லாம் அந்த அழுக்கில்தான் குடியிருக்கும் என்பது பாவம், இவருக்கு எப்படித் தெரியும்? நான் வந்தவுடன் சந்தோஷப்படுவேன் என்று செய்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில், "உங்களை யார் தொடச் சொன்னது? இது அவரோடது" என்று சொல்லிவிட்டேன் அத்தை. இவரைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து நான் குரலை உயர்த்தியதே இல்லை. இவர் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தார். பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து, "எவ்வளவு தண்ணி மாத்தணும்னு மட்டும் சொல்லு" என்றார்.

மீன் கடைக்காரரைக் கேட்டோம். தண்ணீர் மாற்றுவது இப்போதைக்குத் தாங்கும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற வேறொரு தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால்தான் சீக்கிரம் சரியாகும் என்றார். அங்கே நம் வீட்டில் இருக்கிற இன்னொரு சின்னத் தொட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அத்தையிடம் போய் எந்த முகத்தோடு கேட்பேன் என்று நான் புலம்பினேன். மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் உங்கள் வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியவே தெரியாது. மத்தியானம் தூக்குவாளியும் கையுமாக வந்து நிற்கிறார்.

நீங்கள் ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டி, தொட்டித் தண்ணீரோடு வாளியில் போட்டுக் கொடுத்ததைச் சொன்னார். "ஒழுங்கா சாப்பாடு இறங்குதா?" என்று நீங்கள் கேட்டதற்கு, இவர் "இல்லைங்கம்மா, புழு போட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேங்குது" என்றாராம். "மீனைக் கேட்கலை தம்பி, அவளைக் கேட்டேன்" என்றீர்களாமே. இதை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அந்தத் 'தம்பி'யில் கொஞ்சம் நிறுத்தித்தான் மேலே போகிறார்.

நீங்கள் கொடுத்த ஸ்பாஞ்ச் போட்ட பிறகு தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. முந்தாநாள் மேனேஜர் நிமிர்ந்து நின்றார். நேற்று இவர் இறால் துண்டை நீட்டினார், ஒரே பாய்ச்சலில் விரலையும் சேர்த்துக் கவ்விவிட்டது. சட்டையெல்லாம் தண்ணீர். விரலில் லேசான கீறல். "மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டார்" என்று வேலை செய்கிற இடத்தில் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்திருக்கிறார். நிறமும் திரும்புகிறது, வாலருகே அந்த ஆரஞ்சு வட்டம் இப்போது தணல் மாதிரி இருக்கிறது.

அன்றைக்குப் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "அவரோடதுதானே, நீ தப்பா என்ன சொல்லிட்ட? அவர் எப்படி வளர்த்தாரோ எனக்கும் சொல்லிக்கொடு" என்றார். பிறகு இரண்டு பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு முழுக்க உங்கள் மகனைப் பற்றித்தான்.

அத்தை, நீ இனிமேல் அந்த வீட்டுப் பெண், இங்கே அடிக்கடி வந்தால் நன்றாக இருக்காது என்று கல்யாணத்தன்று என் காதில் சொன்னீர்கள். இவரைப் பார்த்துப் பேசி முடித்ததே நீங்கள்தான். மாட்டேன் மாட்டேன் என்றவளைச் சம்மதிக்க வைத்ததும் நீங்கள்தான். நீங்கள் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. இந்த ஒன்றை மட்டும் என்னால் கேட்க முடியவில்லை.

ஒரு வாரமாவது வந்து எங்களோடு தங்குங்கள். படுக்கை ஜன்னல் ஓரமாகத் தயாராக இருக்கிறது. முழங்கால் வலியைச் சாக்காகச் சொல்லாதீர்கள், இந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றால் இவருக்குத்தான் மானம் போகும். சின்னத் தொட்டியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, வருகிற சனிக்கிழமை கிளம்பிவிடுங்கள். கூட்டிக்கொண்டு வர நானே வரட்டுமா என்று கேட்டேன், தான்தான் வருவேன் என்கிறார். வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

என்றும்
உங்கள் மருமகள்