டாக்டர் சொல்லக்கூடாத பெயர்

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

அக்கா லொரெய்ன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, முடியவில்லை. உன் பெண்டாட்டி மேகனுக்கு வாந்தி நின்றதா? ஏழாம் மாதத்திலுமா மசக்கை ஒரு பெண்ணை இந்தப் பாடு படுத்தும்! உன் அத்தான் மெர்ல் சுட்ட மானில் உன் பங்கு ஃபிரீசரில் இருக்கிறது.

வீட்டு முகவரிக்கே இதை அனுப்புகிறேன். ஹாரிஸ்பர்க்கில் உன் சட்டசபை அலுவலகத்துக்கு எழுதினால், ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, திருமதி ஹாஸ்டெட்டர்’ என்று அச்சடித்த பதில் வருகிறது. கீழே உன் கையெழுத்து. கூடப் பிறந்தவளுக்கு! போன் செய்தால், எடுக்கிற பெண் நான் எந்தத் தொகுதி என்று கேட்கிறாள்.

என் பெண் டெஸ்ஸாவின் கைகளிலும் கழுத்திலும் புண். ஆறுவதும் மறுபடி வெடிப்பதுமாக இருக்கிறது. காலையில் எழுந்தால் தலையணையில் மூக்கு ரத்தம். மேட்டில் எரிவாயுவுக்காகப் பாறையை உடைக்க, ரசாயனம் கலந்த மருந்துத் தண்ணீரைக் கம்பெனி பூமிக்குள் இறக்க ஆரம்பித்த பிறகுதான் இதெல்லாம். நம் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உகந்தது என்று கம்பெனி காகிதம் கொடுத்திருக்கிறது. நீயும் அதை நம்பினாய்.

டாக்டர் ஸ்ட்ராசர் கம்பெனிக்கு எழுதி, அந்த மருந்துத் தண்ணீரில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்டார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் சொல்வோம் என்றார்களாம். பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமே, போட்டார். இப்போது அவருக்குத் தெரியும். பெற்றவள் எனக்குத் தெரியாது.

என் பிள்ளை உடம்பில் என்ன இருக்கிறது என்று அவர் மேஜையைத் தட்டிக் கேட்டேன். “கத்தாதே லொரெய்ன். சொன்னா என் லைசென்ஸ் போயிடும். சட்டம் போட்டது உன் தம்பிதானே, அவனைப் போய்க் கேளு” என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “நான் எதுவும் சொல்லலை. ஆனா என் பொண்ணா இருந்தா உன் வீட்டுல குளிக்க விடமாட்டேன்” என்றார். இப்போது டவுனில் மெர்லுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்க் குளிக்கிறாள்.

போன மாதம் நன்றித் திருநாளுக்கு வந்தாயே, வான்கோழியை அறுத்துக்கொண்டே நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. கம்பெனிக்குப் பரிந்து பேச உங்கள் சட்டசபை வராந்தாவிலேயே குடியிருக்கும் அந்த குரோவரைப் பற்றிப் பேச்சு வந்தது. “எரிவாயுச் சட்டத்துல வியாபார ரகசியம்னு ஒரு பிரிவு இருக்குல்ல, அதை அவங்களே எழுதிக் கொண்டுவந்து கொடுத்துட்டாங்கக்கா. நாங்க ஒரு கமாகூட மாத்தலை. நமக்கு வேலை மிச்சம்” என்று சிரித்தாய். அவன் வாங்கித் தந்த ஃபுட்பால் டிக்கெட்டைப் பற்றியும் சொன்னாய். எரிகிறதடா எனக்கு, இப்போது நினைத்தால். படிக்காமலா கை தூக்கினாய்?

இந்தக் கடிதம் திட்டுவதற்காக மட்டும் இல்லை. நேற்று டெஸ்ஸாவைக் காட்டிவிட்டு நாங்கள் கிளம்பும்போது, இந்தத் தண்ணீரை வேறு யாராவது குடிக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். வெண்டல் வரும்போதெல்லாம் வண்டி நிறையக் கேன்களில் பிடித்துப் போவான், நகரத்துத் தண்ணீரில் டீ போட்டால் மேகனுக்கு இறங்காது, போன மாதமும் கொண்டுபோனான் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அவளுக்கு எத்தனை மாசம்?” என்றார். ஏழு என்றேன். சட்டென்று எழுந்து போனை எடுத்து உன் நம்பர் கேட்டார். நான் சொல்லச் சொல்லப் பாதி வரை அழுத்திவிட்டு, அப்படியே போனை வைத்துவிட்டார். “அவன்கிட்டயும் சொல்லக்கூடாதே” என்றார். அந்த மனுஷன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

தம்பி, கேன்களில் மிச்சம் இருப்பதை இன்றைக்கே கொட்டிவிடு. கெட்டிலையும் தூக்கி எறி. நாளைக்கே மேகனை அவளுடைய டாக்டரிடம் கூட்டிப்போ. அவர் என்ன விஷயம் என்று கேட்பார். என்ன சொல்வாயோ, எனக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்காதே. தெரிந்த ஒரே மனுஷன் வாயை நீங்கள்தான் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

மேகனும் அவள் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். அதற்காகவாவது அந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்.

உன் மேல் கோபம் தீராத,
அக்கா லொரெய்ன்