ஆறவிட்டு அளந்த தண்டு

ஜூன் 4

என் அருமைத் தம்பிக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாதம் ஒரு கடிதம் போட்டால் கையா தேய்ந்துவிடும்?

ஒரு செய்தி, குதிக்காதே. பன்னிரண்டு வருஷமாகக் கருவி அறை ஜன்னலில் உட்கார்ந்து அரமும் உளியும் எடுத்துக் கொடுத்தது போதும் என்று, எங்கள் பட்டறையிலேயே இரும்பு கடைகிற லேத் மெஷின் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். முதல் மூன்று வாரம் அரம் மட்டும்தான். இரும்புத் துண்டை ராவி ராவித் தட்டையாக்க வேண்டும். என் துண்டு நடுவில் மேடு கட்டிக்கொண்டது. ஃபோர்மேன் அதை மேஜையில் வைத்துத் தட்டினார். "ஏம்மா, இது இரும்பா, தொட்டிலா? இப்படி ஆடுது!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்?

ஆகஸ்ட் கடைசியில் தேர்வு. தேறினால் எனக்கென்று ஒரு லேத். இல்லாவிட்டால் மறுபடி ஜன்னல்தான்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகுவலி போய்விட்டது. உன் கடிதம் படித்ததும் தலைவலி வந்துவிட்டது.

நாற்பத்தாறு வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை? என் விரல் நுனியை லேத் கொண்டுபோன அன்று ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்தது யார்? இருபது வருஷமாக மெஷினோடு நிற்பவன் சொல்கிறேன், வேண்டாம். நீ கேட்கமாட்டாய், அதுவும் தெரியும். வளையலையாவது கழற்றி வைத்துவிட்டு நில்.

கோபத்துடன்,
தம்பி

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

உன் கோபம் ஆறட்டும். முதலில் இதைப் படி.

தேர்வில் ஒரு தண்டைக் கடைந்து, கொடுத்த வளையத்துக்குள் ஆடாமல் பொருத்த வேண்டும். முதல் ஆளாக முடித்தேன். மைக்ரோமீட்டரில் அளவு அச்சாக வந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு. பத்து நிமிஷம் கழித்து அளந்தால் மயிரிழை குறைச்சல்! சூட்டோடு அளந்திருக்கிறேன். ஆறியதும் இரும்பு சுருங்கிவிட்டது. வெட்டியதை ஒட்டவா முடியும்?

ஃபோர்மேனிடம் நானே போய்ச் சொன்னேன். "நேரம் இருக்கு, வேணும்னா இன்னொண்ணு போடுங்க" என்றார். போட்டேன். இந்த முறை கடைசி வெட்டுக்கு முன்னால் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்தவன் பதறினான். "அக்கா, நேரம் போகுது!" போகட்டும் என்றேன். தண்டு சில்லென்று ஆன பிறகு அளந்து, மிச்சத்தை வெட்டினேன். கடைசி ஆளாகத்தான் கொடுத்தேன்.

வளையத்துக்குள் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஃபோர்மேன் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஜன்னல் பக்கத்து லேத் இனி என்னுடையது. எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா? நீயும் ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம்?

அக்கா

செப்டம்பர் 9

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலை இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். "யாருப்பா அது?" என்றார்கள். "எங்க அக்கா, லேத் ஓட்டுறா" என்றேன். அன்று கோபத்தில் எழுதவில்லை அக்கா, பயத்தில் எழுதினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சிரிக்காதே. இருபது வருஷமாக நான் பொத்தான் அமுக்கி ஓட்டுகிற லேத்தில்தான் நிற்கிறேன். அரம் எனக்கு இன்றுவரை படியவில்லை. இங்கே ஒரு தகட்டைக் கையால் ராவச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு நாளாக யாரும் பார்க்காமல் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அரத்தை ஆடாமல் எப்படிப் பிடிப்பது? விவரமாக எழுது, காத்திருக்கிறேன்.

உன் தம்பி