வாய்க்காலில் குளித்த டிராக்டர்

ஆவணி 14, சனி.

காலையில் டிராக்டரின் பின்சக்கரப் பல்பெட்டியில், அதான் டிஃபரன்ஷியலில், இருந்த ஆயிலை இறக்கினேன். தேன் மாதிரி வர வேண்டியது பால் ஊற்றிய டீயாக வந்தது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அடியில் ஆயில் இறக்கும் அடைப்பானின் காந்தத்தில் இரும்புத்தூள் அதிகம் ஒட்டவில்லை. பல்சக்கரங்கள் தேயாமல் தப்பின.

யார் வேலை என்று தெரியும். வண்டி ஓட்டும் என் மச்சினன் சேவியர், வயலில் சேறு அடித்த சூட்டோடு அப்படியே வாய்க்காலில் இறக்கிக் கழுவுகிறான். சூடான இரும்பு சட்டென்று குளிர்ந்தால் மூச்சுத் துளை வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எத்தனை தடவை சொல்வது? அதட்டவும் முடியாது. அதட்டினால் என் வீட்டுக் குழம்பில் உப்பு இருக்காது.

மதியம் முழுக்க டீசல் விட்டு அலசி, புது ஆயில் ஊற்றி மூடினேன். கை இன்னும் நாறுகிறது.

சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து திரும்பினால், வண்டி ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நிற்கிறது.

"மேல வயல்ல நாலு சுத்து ஓட்டிப் பாத்தேன் மாமா, அருமையா போவுது. அப்படியே வாய்க்கால்ல இறக்கிக் கழுவிட்டேன்."

"சூடு ஆறுச்சாடா?"

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஃபாதர் வண்டிக்குத் தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்கிறேன்னாரு. சேத்தோடயா கொண்டுபோயி நிறுத்துறது?"

"என் தம்பிக்கு எவ்வளவு பொறுப்பு பாருங்க" என்றாள் என் மனைவி.

நாளை ஃபாதர் தெளிக்கும் தீர்த்தம் வண்டிக்கு மேலேதான் விழும். உள்ளே போன தண்ணீர் இந்நேரம் அடியில் தங்கியிருக்கும். பூசைக்கு முன் அடைப்பானைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும், அவள் எழுந்திருப்பதற்குள்.