துவைக்காத துண்டு

அன்பு மகள் அம்முவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், இந்த வாரம் நம் வீட்டில் தங்கியிருக்கும் ஐந்து நாய்களும் சுகம். உன் சுகத்தைப் போனிலேயே கேட்டுவிட்டேன், இருந்தாலும் எழுதிக் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது, அதனால் மறுபடியும் கேட்கிறேன், சுகம்தானே? வேளாவேளைக்குச் சாப்பிடு. போனில் எதையோ மென்றுகொண்டே பேசினால் சாப்பிடுகிறாய் என்று நம்பிவிடுவேன் என்று நினைக்காதே, சூயிங்கம் மெல்லும் சத்தம் எனக்குத் தெரியும்.

இப்போது மணி மூன்று. இந்த வீட்டில் உட்கார்ந்து எழுத இதுதான் தோதான நேரம், ஐந்தும் தூங்குகின்றன. கூடத்து ஜன்னல் வழியாக வெயில் ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் விழுந்து மெல்ல மெல்ல நகர்கிறது, அதன் பின்னாலேயே இவையும் தூக்கம் கலையாமல் புரண்டு புரண்டு நகர்கின்றன. மிளகு கனவில் எங்கேயோ ஓடுகிறது, நான்கு காலும் காற்றில் துடிக்கின்றன, யாரைத் துரத்துகிறதோ. முந்தி, பிந்தி என்ற அக்கா தங்கை இரண்டும் ஒன்றின் வயிற்றில் மற்றொன்று தலை வைத்துக் கிடக்கின்றன. கலெக்டர் மட்டும் அரைக்கண்ணால் கதவைப் பார்த்துக்கொண்டே தூங்குகிறது, காலையில் எல்லார் கிண்ணத்தையும் மோந்து ஆய்வு நடத்தின களைப்பு. நாயை விட்டுப்போகிறவர்கள் வைத்த பெயர்கள் நோட்டில் இருக்கின்றன, வாசல்படி ஏறிவிட்டால் நாங்கள் வைப்பதுதான் பெயர். யார் வால் எங்கே கிடக்கும் என்று தெரியாததால் அப்பாவும் நானும் காலைத் தூக்கி வைத்து நடப்பதையே விட்டுவிட்டோம், தரையோடு இழுத்து இழுத்துத்தான் போகிறோம், கடைத்தெருவிலும் அப்படியே நடந்து எதிர்வீட்டு டீச்சர் முட்டி வலியா என்று விசாரித்தாள். அழைப்பு மணியையும் கழற்றியாயிற்று. இந்த நேரத்தில் வீடே மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி இருக்கும், எனக்கும் கண் சொக்கும், அந்தச் சொக்கலில் உள் அறையில் நீயும் தூங்குகிறாய் என்று ஒரு நிமிஷம் தோன்றும். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், என் கண்ணாடியை மாற்றச் சொல்லி ஆரம்பிக்காதே.

கண்ணாடி என்றதும் சொல்கிறேன், ஐந்தாவது நாய் நம் கண்ணாடிக் கடைக்காரருடையது. உனக்கு முதல் கண்ணாடி போட்டுவிட்டவரேதான். பதினான்கு வயது, ஒரு பூனை அளவுதான் இருக்கும், துணிக்குள் சுருண்டு படுத்தால் மூக்கு நுனி மட்டும் தெரியும், அதனால் பொட்டலம் என்று பெயர் வைத்தோம். அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், வீட்டில் வேறு ஆள் கிடையாது. கொண்டுவந்து விட்ட அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க, இதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாம பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நம்மிடம் நாயை விட வருகிறவர்கள் உடுத்தின துணி ஒன்றைத் துவைக்காமல் கொண்டுவர வேண்டும் என்பது நான் வைத்திருக்கிற சட்டம் என்று உனக்குத் தெரியும், பழகின வாசனை பக்கத்தில் இருந்தால்தான் புது இடத்தில் அவற்றுக்குத் தூக்கம் பிடிக்கும், சாப்பாடு இறங்கும். அவரும் பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் கொடுத்திருந்தார். பொட்டலம் அதற்குள் புகுந்துகொண்டு இரண்டு நாள் சமர்த்தாக இருந்தது.

மூன்றாம் நாள் மிளகுக்கு நகம் வெட்ட டாக்டரிடம் போய்விட்டு வருகிறேன், கொடியில் அந்த ஸ்வெட்டர் பளிச்சென்று காய்கிறது. உன் அப்பாவைக் கேட்டால், “ஓரத்துல எச்சில் பட்டிருந்துச்சு, சும்மா அலசினேன்” என்கிறார். அவர் அலசினால் பூப்போட்ட துணியில் பூ மிஞ்சாது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வெந்நீரிலும் சோப்பிலும் கிடந்த கை, அழுக்கைக் கண்டால் சும்மா இருக்காது, சட்டம் கிட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். காய்ந்ததும் கொண்டுபோய் வைத்தேன். பொட்டலம் நாலு மூலையிலும் மூக்கை வைத்துத் தேடியது, என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தது, பிறகு போய் வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். கறியை வேகவைத்துப் பிய்த்து வைத்தேன், விரலில் தொட்டு வாயில் தடவினேன், மூன்று நாள் தண்ணீரை நக்கினதோடு சரி. டாக்டர் வந்து பார்த்து, வயசான உடம்பு, இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் மருந்தாலும் மீட்க முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் அவருக்கு அங்கே ஆபரேஷன் நடக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தினமும் சாயங்காலம் அவர் போனுக்கு அனுப்புகிற படத்துக்குப் பதிலாக, பொட்டலம் வந்த முதல் நாள் எடுத்ததையே திரும்ப அனுப்பினேன், நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. உனக்குப் போனில் சொல்லாததும் அதனால்தான், சொன்னால் நான் அழுதிருப்பேன்.

அப்பாவும் அந்த மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கதவடியில் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார், நானும் கோபத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே என்று சொல்லாமல் கிளம்பினார். நேராக அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறார், அங்கேதான் கண்ணாடிக்காரர் படுத்திருந்தார். பழகின நர்ஸ் ஒருத்தி ஐந்து நிமிஷம் உள்ளே விட்டாளாம். நாய் சாப்பிடவில்லை என்று அந்த நிலையில் சொல்ல முடியுமா, அதனால் கட்டில் கம்பியில் தொங்கின அவருடைய சொந்தத் துண்டைக் காட்டி, “கொடுங்க, வீட்டுல துவைச்சுக் கொண்டாரேன்” என்று கேட்டு வாங்கிவிட்டார். வாழ்நாள் முழுக்க அழுக்கை வாங்கி வெளுத்துக் கொடுத்த மனுஷன், அழுக்கு போய்விடக் கூடாதே என்று அந்தத் துண்டை இரண்டு பைக்குள் போட்டு இறுக்கி முடிந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அதுவும் இதே மாதிரி ஒரு மூன்று மணிதான், மற்றவை எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. அப்பா முடிச்சை அவிழ்த்துத் துண்டைத் தரையில் விரித்தார். கதவைப் பார்த்துக்கொண்டிருந்த பொட்டலத்தின் காது முதலில் திரும்பியது, அப்புறம் மூக்கு, கடைசியாகத்தான் உடம்பு. தள்ளாடிக்கொண்டே வந்து துண்டின்மேல் மூன்று சுற்றுச் சுற்றியது, மூக்கை மடிப்புக்குள் நுழைத்தது, ஒரு பெருமூச்சு விட்டது பார், பெரிய ஆள் விடுவது மாதிரி, அப்படியே தூங்கிப்போனது. வெயில் எங்கள் காலடியில் ஊர்ந்து வரும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்ததும் என் கையிலிருந்து நாலு துண்டு கறி சாப்பிட்டது. நான் அழுதேன், அப்பா சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் மறுபடி பார்க்கப் போனபோது கண்ணாடிக்காரர் துண்டு எங்கே, துவைத்தாயிற்றா என்று கேட்டிருக்கிறார். இல்லை, துவைக்கவில்லை என்று நடந்ததை எல்லாம் அப்பா சொல்லிவிட்டார், அவர் தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்து, சிரித்தபடியே கண் கலங்கி, தலைமாட்டிலிருந்த சட்டையையும் எடுத்துக் கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறார். இப்போது சட்டை ஒரு பக்கம் துண்டு ஒரு பக்கமாகப் பொட்டலம் நான் எழுதுகிற மேஜைக்குக் கீழேதான் கிடக்கிறது, மூக்கு நுனி தெரிகிறது.

அம்மு, இதை எல்லாம் எழுதினதற்கு ஒரு காரணம் உண்டு. நேற்று துணி ஊறவைத்த வாளிக்குள் கையை விட்டபடி அப்பா ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். “அம்மு ஊருக்குப் போன மறுநாள் தலையணை உறை, போர்வை, கதவுக்குப் பின்னால தொங்கின நைட்டி எல்லாத்தையும் துவைச்சுப் போட்டேனே, ரெண்டு நாள் நீ என்கிட்ட பேசல, அது இதுக்குத்தானா” என்றார். ஆமாம் என்றேன். நாலு வருஷமாக நான் அவரிடம் சொல்லாத விஷயம் அது. பாவம், அவர் நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார், நீ வரும்போது எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று. அன்றைக்கு நான் உன் தலையணையை எடுத்து முகத்தில் வைத்தால் சோப்பு வாசனைதான் வந்தது.

லீவு கிடைக்கவில்லை, இந்த வருஷமும் வர முடியாது என்று போன வாரம் நீ சொன்னாய். பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று சொன்னது பொய், ஆனால் அதற்காக நீ வேலையைக் கெடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டாம். வருஷா வருஷம் எனக்குப் புதுச் சால்வையும் அப்பாவுக்குப் புதுச் சட்டையும் விலைச் சீட்டைக்கூடப் பிரிக்காமல் அனுப்புகிறாய், அலமாரியில் இடமில்லை. இந்தத் தடவை புதுசு எதுவும் வேண்டாம். நாலு நாள் உடுத்தின பழைய துணி ஒன்று போதும், துவைக்காமல் அனுப்பு. என்ன அம்மா இது என்று சிரிக்காதே, சிரித்தாலும் அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத் தலையோடு வெளியே போகாதே. நினைத்ததெல்லாம் நடந்து, நல்ல தூக்கமும் நல்ல பசியுமாக நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அனுப்பும்போது இரண்டு பைக்குள் போட்டு இறுக்கி முடிந்து அனுப்ப மறக்காதே. மிளகு எழுந்துவிட்டது, இனி எழுத விடாது. கீழே அப்பாவும் ஒரு வரி எழுதுகிறாராம்.

உன் அன்பு அம்மா

சத்தியமா நான் தொட மாட்டேன்மா.
அப்பா