உம்மாவின் ஏழு கழா நோன்பு

சாய்ந்தமருது முகாம்,
2005 ஏப்ரல் 9.

அன்பு மகன் ஜவுபருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலில் நீ வாடாமல், கட்டடச் சாரத்தில் ஏறி வேலை செய்யும்போது விழுந்துவிடாமல் இருக்க ஐந்து வேளையும் துஆக் கேட்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனை ஓடவில்லை. நாலு தரம் நீ போன் எடுத்தும் தங்கச்சியிடம் கொடுக்காமல், தூங்குகிறாள், பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்று சமாளித்தேன். அது பொய் மகன். ஹாஜறா பதினேழு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

முகாமில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சிரங்கு. கூடாரத்துக்குள் வியர்வையும் மணலும், முகாம் முழுக்கக் குளிக்க ஒரு பவுசர் வண்டித் தண்ணீர், நாலு பேருக்கு ஒரு துவாய், வேறென்ன வரும். இவளுக்குக் கெண்டைக்காலில் கட்டியாக வந்து சீழ் வைத்துச் சுற்றிவரச் சிவந்துவிட்டது. முகாமுக்கு வந்த டொக்டர் இருபத்தெட்டுக் குளிசை தந்து, ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்று, ஏழு நாள், புண் காய்ந்தாலும் நிறுத்தக்கூடாது என்று என்னிடமும் அவளிடமும் சொன்னார். அந்தக் கிழமைதான் அவள், போன நோன்பில் உம்மாவுக்கு விடுபட்ட ஏழும் கழாவாப் பாக்கி வாப்பா, புடிக்க முந்திக் கடல் வந்து அவவக் கொண்டு போயிட்டு, அத நான் புடிக்கிறன் என்றாள். உம்மா அதை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். பதினான்கு வயதில் இப்படி ஒரு பிள்ளையா என்று பெருமைப்பட்டு, விடிய முந்திச் சஹருக்கு நானே சோறாக்கிக் கொடுத்தேன், பக்கத்துக் கூடாரத்துப் பாத்தும்மாவிடமும் சொல்லித் திரிந்தேன்.

சஹருக்கு ஒரு குளிசை, நோன்பு திறந்து ஒரு குளிசை. பகலில் போட வேண்டியதை அவள் போடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் மகன். புண் மேலே காய்ந்து வந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். ஐந்து நோன்பு முடிந்தது, ஆறாம் நாள் காய்ச்சலில் அவளுக்கு எழும்பவே ஏலாமல் போயிற்று. பதினெட்டுக் குளிசை அவள் புத்தகப் பையில் அப்படியே இருந்தது. வருத்தக்காரிக்கு றமழான் நோன்புக்கே சலுகை இருக்கு, சுகமானாப் பொறகு புடிச்சிருக்கலாமே என்று மௌலவி பிறகு சொன்னார். முதலில் நான் போய்க் கேட்டேனா, இல்லையே.

ஆஸ்பத்திரியில் டொக்டர், குளிசையை ஒழுங்காகப் போட்டாளா என்று கேட்டார். ஓம் என்றேன். வெட்கம் மகன், வேறொன்றுமில்லை. குளிசை கேட்கவில்லை என்று நினைத்து மூன்று ஊசி மருந்து மாற்றிவிட்டார்கள். கிருமி எலும்புக்குள் இறங்கி இரத்தத்திலும் கலந்துவிட்டதாம். முந்தநாள்தான் உண்மையைச் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை, ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டும், வெட்டினாலும் பிள்ளை தங்குமென்று சொல்ல ஏலாது என்றார். திங்கட்கிழமை வெட்டுகிறார்கள், கையெழுத்து வைத்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பெண்கள் வார்டில் என்னை இருக்க விடாததால் பாத்தும்மாதான் பக்கத்தில் இருக்கிறாள்.

கடலோரம் இருநூறு மீற்றருக்குள் வீடு கட்ட விடமாட்டார்களாம், எங்கள் வீடிருந்த வளவும் அதற்குள்தான். நீ காசு சேர்த்து அனுப்ப அவசரப்பட வேண்டாம், யாருக்கு வீடு. வரவும் வேண்டாம், ஒப்பந்தம் முறிந்தால் உன் பாஸ்போட்டைத் தரமாட்டார்கள்.

கண் விழிக்கிற நேரமெல்லாம் அவள், உம்மாட ரெண்டு நோன்பு மிச்சம் கிடக்கு வாப்பா என்றுதான் சொல்கிறாள். நேற்று ஒன்று பிடித்தேன், இன்று மற்றதையும் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முடிஞ்சிட்டு மகள் என்று இன்று அவளிடம் சொன்னேன். கேட்டாளோ தெரியாது.

அல்லாஹ் உன்னையாவது எனக்கு விட்டுவைக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் ஒன்று செய் மகன், உனக்குக் கழா நோன்பு ஏதும் இருந்தால் இந்த மாதமே பிடித்துவிடு. உனக்காகப் பிடிக்க இங்கே இனி ஆளிருக்காது.

வஸ்ஸலாம்.
உன் வாப்பா