தட்ட மாட்டேங்குற பிள்ளை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதறது. இங்கே நாங்க மூணு பேரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்கோம். நீயும் அங்கே உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும், அதுதான் என் முதல் வேண்டுதல். போன்ல பேசாம என்ன திடீர்னு கடிதம்னு பார்க்காதே, போனை எடுத்தா உன் தங்கச்சி என் தோள்ல தாடையை வச்சுக்கிட்டு நிக்கிறா, அவளைப் பத்தி அவ முன்னாடியே எப்படிப் பேசறது.

அவளை ஜூடோவுல சேர்க்க வேண்டாம்னுதான் நான் சொன்னேன், நீயும் அப்பாவும் ஒண்ணு சேர்ந்துட்டீங்க, என் பேச்சு எங்கே அம்பலம் ஏறப் போகுது. நாள் பூரா ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு ரூம்ல நிக்கிறவ நான், கை உடைஞ்ச பிள்ளைங்க முகத்துலதான் தினம் முழிக்கிறேன், எனக்குப் பயம் இருக்காதா. ஆனாலும் அந்த டீச்சர் கெட்டிக்காரி. முதல் நாளே யாரையும் தூக்கிப் போடச் சொல்லலை. நகம் வெட்டியிருக்கான்னு பார்த்தாங்க, மெத்தை மேல ஏறும்போது குனிஞ்சு வணக்கம் சொல்ல வச்சாங்க, அப்புறம் வாரக்கணக்கா விழறதுக்குத்தான் பாடம். தாடையை நெஞ்சோட ஒட்டிக்கோ, தலை கீழே படக்கூடாது, கையை ஊனாதே, கை முழுசையும் மெத்தையில பட்டுன்னு அடி. கையை ஊனி விழுந்துதானே எங்ககிட்ட பாதிப் பிள்ளைங்க வருது, சரி, நமக்கு வேலை குறையும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இவளும் கட்டில்லேருந்து விழுந்து, சோபாவிலேருந்து விழுந்து, கீழ் வீட்டுக்காரர் என்ன சத்தம்னு மேல வந்து கேட்கற வரைக்கும் பழகினா.

அடுத்த பாடம் தட்டறது. கீழே மாட்டிக்கிட்டு மூச்சு முட்டினாலோ வலிச்சாலோ மெத்தையிலயோ எதிராளி முதுகுலயோ ரெண்டு தட்டு தட்டணும், உடனே அவங்க விட்டுடணும். தட்டினா அந்த ஆட்டம் போச்சு, ஆனா பிள்ளை முழுசா எழுந்திருக்கும். போன புதன்கிழமை பேக்கரிக்காரர் மகள், இவளை விட ஒரு சுத்துப் பெருசு, இவளைச் சாய்ச்சு மேலே படுத்து அமுக்கிட்டா. டீச்சர் வேற ஜோடியைத் திருத்திக்கிட்டு இருந்தாங்க, நான் சுவரோரம் பெஞ்சுல. இவ முகம் சிவந்தது, அப்புறம் உதடு வெளுத்தது, ஒரு கை சும்மாத்தான் கிடந்தது, ஆனா தட்டலை. கடைசியில அந்தப் பெண்ணே பயந்து எழுந்து, இவ ஏன் தட்ட மாட்டேங்குறான்னு அழ ஆரம்பிச்சுட்டா. நான் பெஞ்சுலேருந்து எழுந்து ஓடினேன்டி. அழற பிள்ளையைப் பத்தி எங்க ரூம்ல யாரும் அவ்வளவா கவலைப்பட மாட்டோம், சத்தமே போடாத பிள்ளைகிட்டதான் முதல்ல ஓடுவோம். அடுத்த மாசப் போட்டிக்கு இவ பேரைக் கொடுத்தாச்சு, ஏன் இப்படின்னு வீட்டுல கேளுங்கன்னு டீச்சர் சொல்லி அனுப்பினாங்க. உங்கப்பா போகப் போகச் சரியாயிடும்னு எனக்கு தைரியம் சொல்லிட்டு, அவ சாப்பிடறதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

நேத்து அவ காலை மடியில வச்சு நகம் வெட்டும்போது நைசாக் கேட்டேன். அக்கா தட்டியிருக்க மாட்டான்னு சொன்னா. நீ வேலை செய்யற இடத்துல படியில வழுக்கி, கால் வீங்கி, யார்கிட்டயும் சொல்லாம அதே காலோட வாரம் பூரா வேலைக்குப் போனதை வீடியோவுல சிரிச்சுக்கிட்டே சொன்னியாமே. என்கிட்ட மூச்சு விடலை, அவகிட்ட சொல்லியிருக்கே. நீ சொல்றதெல்லாம் அவளுக்கு வேதவாக்கு.

கோபத்துல எழுதலை, பயத்துல எழுதறேன். வீங்கின கணுக்கால் என்ன பாடு படுத்தும்னு எனக்குத் தெரியாதா, நீ கண்டிப்பா அழுதிருப்பே. அதையும் அவகிட்ட சொல்லு. கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன், யாரையாவது கூப்பிட்டிருக்கணும், முட்டாள்தனம் பண்ணிட்டேன்னு உன் வாயால சொல்லு. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அது அம்மா புலம்பல், நீ சொன்னாத்தான் மண்டையில ஏறும். இன்னும் நொண்டறியான்னும் எனக்கு உண்மையா எழுது.

நகம் வெட்டி முடிச்சு எழுந்தப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, போட்டியில நான் தட்டிட்டா அக்காகிட்ட சொல்லிடுவியாம்மான்னு கேட்டா.

நோய்நொடி இல்லாம, கை கால் சுகத்தோட நீ நீடூழி வாழணும் கண்ணு. மறந்துடாதே, கடிதம் கிடைச்ச அன்னைக்கே கூப்பிடு, அவகிட்ட போனைக் கொடுக்கச் சொல்லு. நான் அடுப்படிக்குப் போயிடறேன்.

உங்க ரெண்டு பேரை நினைச்சுப் பயந்தே பாதியாப் போன
அம்மா